கயிறு யார் கையில்?

கேள்வி:

டாக்டர், வணக்கம். கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் எங்கள் தென்னந்தோப்புக்குள்ளேயே வீடு கட்டிக் குடிவந்து ஒரு வருடம் ஆகிறது. கூப்பிடு தூரத்தில் வேறு வீடு கிடையாது. என் வீட்டுக்காரர் லாரித் தொழில் செய்கிறார். வாரத்தில் நான்கு நாள் வெளியூரில்தான். வீட்டில் நான், முழங்கால் வலியால் கைத்தடி ஊன்றி நடக்கும் 70 வயது மாமியார், 9 வயது மகள், 4 வயது மகன். போன மாதம் பக்கத்துத் தோப்பில் மோட்டார் ஒயரை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து வீட்டுக்காரர் பெரிய காவல் நாய் வேண்டும் என்கிறார். அவருடைய நண்பர் வீட்டில் ராட்வைலர் குட்டி போட்டிருக்கிறது. 35 நாள் ஆன ஆண் குட்டியை இன்னும் பத்து நாளில் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்; காசு வேண்டாமாம். மாமியாரோ, தன் பிறந்த வீட்டில் ராஜபாளையம் இருந்தது, அதைப்போல நாய் வராது, வாங்கினால் அதுதான் என்கிறார். எனக்கு நாய் என்றால் பயமில்லை. சின்ன வயதில் எங்கள் வீட்டில் நாட்டு நாய் இருந்தது. ஆனால் ஐம்பது கிலோ நாயை நான் தனியாகச் சமாளிக்க முடியுமா? குழந்தைகளை ஒன்றும் செய்யாதா? எங்கள் குடும்பத்துக்கு எந்த இனம் சரி?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பேசுவோம். இந்தக் குட்டியை எடுக்காதீர்கள். ராஜபாளையமும் இப்போதைக்கு வேண்டாம். ஆனால் உங்கள் வீட்டுக்கு நாய் வேண்டும். தோப்புக்கு நடுவே தனி வீட்டில், பாதி வாரம் நீங்களும் குழந்தைகளும் பெரியவரும் மட்டும் இருக்கும்போது ஒரு நாய்கூட இல்லாமல் இருப்பது எனக்கும் மனசுக்கு ஒப்பவில்லை. உங்களுக்குத் தேவை வேறு மாதிரியான நாய்.

‘எந்த இனம் சரி’ என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, ‘தினமும் கயிறு யார் கையில் இருக்கப் போகிறது’ என்பதைத்தான். உங்கள் கடிதத்திலேயே அதற்குப் பதில் இருக்கிறது. ராட்வைலர் கேட்கிறவர் வாரத்தில் மூன்று நாள்தான் வீட்டில் இருக்கிறார். ராஜபாளையம் கேட்கிறவர் கைத்தடி ஊன்றி நடக்கிறார். குழந்தைகளை வேனில் ஏற்றி அனுப்பி, மாமியாருக்கு மருந்து கொடுத்து, தோப்பு ஆட்களுக்கும் டீ போடும் உங்கள் கையில்தான் அந்தக் கயிறு வந்து சேரும். ஆகவே இந்த முடிவில் உங்கள் சொல்தான் கடைசிச் சொல்லாக இருக்க வேண்டும். வீட்டுக்காரரிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

ராட்வைலர் கெட்ட நாய் என்று நான் சொல்ல மாட்டேன். என்னிடம் வரும் ராட்வைலர்களில் சில, ஊசி போடும்போது தலையை என் முழங்காலில் சாய்த்துக்கொண்டு நிற்கும். வீட்டு மனிதர்கள் மேல் அவ்வளவு பாசம் வைக்கிற இனம் அது. ஜெர்மனியில் ராட்வைல் என்ற ஊர்ப் பெயரால் வந்த நாய். அங்கே கசாப்புக்காரர்களின் மாடுகளைச் சந்தைக்கு ஓட்டிப்போகவும், இறைச்சி வண்டி இழுக்கவும் பழக்கியிருந்தார்கள்; பின்னால் போலீஸ் வேலைக்கும் வந்தது. மாட்டை ஓட்டுகிற நாய் எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். தன்னைவிடப் பத்து மடங்கு எடையுள்ள மிருகத்துக்கு முன்னால் பின்வாங்காமல் நிற்க வேண்டும், உடம்பால் மோதித் தள்ள வேண்டும், சொல்ல ஆள் இல்லாத நேரத்தில் தானே முடிவெடுக்க வேண்டும். அந்தக் குணத்தை விரும்பித்தான் தலைமுறை தலைமுறையாக அதை வளர்த்தெடுத்தார்கள். உங்கள் வீட்டுக்காரரின் நண்பர் வீட்டில் சுருண்டு படுத்துக்கிடக்கும் குட்டிக்குள்ளும் அது இருக்கிறது.

அந்தக் குட்டி எப்படி வளரும் என்று மாதம் மாதமாகச் சொல்கிறேன், ஏனென்றால் குட்டி எடுக்கிற யாரிடமும் இதை யாரும் சொல்வதில்லை.

முதல் நான்கு மாதம் எல்லோருக்கும் சந்தோஷம். உருண்டையாக ஓடிவரும், மகன் மடியில் தூங்கும். ஆறாம் மாதத்தில் இருபத்தைந்து கிலோவைத் தாண்டியிருக்கும், ஆனால் புத்தி குட்டியினுடையதுதான். விளையாட்டாகப் பாயும், உங்கள் மகன் கீழே விழுவான். அது கடி கிடையாது, ஆனால் நான்கு வயதுப் பையனுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அவன் கத்துவான், ஓடுவான்; நாய்க்கு அது இன்னும் விளையாட்டு. ஒரு வயதில் தோள் உயரம் இரண்டு அடிக்கு மேல். நன்கு வளர்ந்த ஆண் ஐம்பது கிலோவை ஒட்டி இருக்கும். இதுவரையிலும் அது பெரும்பாலும் வருகிறவர் போகிறவரை வாலாட்டித்தான் வரவேற்றிருக்கும். ‘எங்க நாய் ஒண்ணும் செய்யாதுங்க’ என்று வீட்டில் எல்லோருக்கும் நம்பிக்கை வந்திருக்கும்.

மாற்றம் வருவது அதற்குப் பிறகுதான். ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயதுக்குள் காவல் நாய்க்கு மனதளவில் முழு வளர்ச்சி வருகிறது. நேற்றுவரை பால்காரரைப் பார்த்துச் சும்மா இருந்த நாய், இன்று அவரைப் பார்த்துத் தொண்டைக்குள் உறுமும். கேட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் போய் நிற்கும். இது நாய் கெட்டுப்போன அடையாளம் இல்லை. காவல் வேலையை அது ஏற்றுக்கொண்ட நேரம் அது. அந்த நேரத்தில், ‘போதும், இவர் நம்ம ஆள், நீ போய்ப் படு’ என்று சொல்லி அதைக் கேட்கவைக்கும் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். அந்த ஒருவரை நாய் ஒரு நாளில் ஏற்றுக்கொள்ளாது. எட்டு வாரக் குட்டியாக இருந்ததிலிருந்து தினமும் கூட நடந்து, தினமும் பழக்கி, தினமும் ஒரே மாதிரி நடந்துகொண்டவராக இருக்க வேண்டும். வாரத்தில் மூன்று நாள் வருகிறவர் என்னதான் பாசமாக இருந்தாலும் அந்த இடத்தைப் பிடிப்பது கஷ்டம். நாய்க்கு அவர் வீட்டுக்கு வந்து போகிற பிரியமான ஆள்.

இப்போது உங்கள் தோப்பைப் பற்றி யோசிப்போம். நகரத்தில் கேட்டைப் பூட்டிக்கொண்டு இருக்கிற வீட்டைப்போல இல்லை இது. தேங்காய் போட ஆள் வருவார்கள், ஒருமுறை வந்தவரே மறுமுறையும் வருவார் என்று சொல்ல முடியாது. தேங்காய் எண்ணிப் பொறுக்கப் பெண்கள் வருவார்கள், கூடவே சில நேரம் அவர்கள் குழந்தைகளும். உரம் இறக்க டெம்போ வரும். மின்கணக்கு எடுக்க ஒருவர், சிலிண்டர் கொண்டுவர ஒருவர், சொட்டுநீர்க் குழாய் பார்க்க ஒருவர். இவர்கள் எல்லோரும் நாயின் கண்ணுக்கு அதன் எல்லைக்குள் நுழைகிற அந்நியர்கள். ஒவ்வொரு முறையும் நீங்கள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நாயைக் கூண்டில் அடைக்க வேண்டும். ஒரு நாள் மறந்துபோகும். மறக்காத மனிதர் யாரும் இல்லை.

அடுத்தது, எனக்கு மிகவும் கவலை தருகிற விஷயம், உங்கள் பிள்ளைகளுடன் விளையாட வருகிற பிள்ளைகள். நாய் கடித்த குழந்தைகளைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் தெரு நாயைத்தான் நினைக்கிறார்கள். சின்னக் குழந்தைகளை வீட்டுக்குள் கடிப்பது பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்த நாய்தான், சொந்த வீட்டு நாய் அல்லது உறவினர் வீட்டு நாய். குழந்தையின் உயரத்துக்கு நாயின் வாய் நேராக முகத்துக்கும் கழுத்துக்கும் வருகிறது. அதனால் காயமும் அங்கேதான். உங்கள் மகனை அந்த நாய் உயிராக நேசிக்கும் என்றே வைத்துக்கொள்வோம். பக்கத்துத் தோப்புப் பையன் வருகிறான். இரண்டு பேரும் பந்துக்குச் சண்டை போடுகிறார்கள். உங்கள் மகன் வீறிட்டு அழுகிறான். நாய்க்கு இது பிள்ளைகளின் சண்டையாகத் தெரியாது. தன் குழந்தையை ஒருவன் அடிக்கிறான் என்று தெரியும். நாய் தன் வேலையைச் செய்யும். பாசம் அதிகமான நாயிடமே இந்த ஆபத்தும் அதிகம்.

மாமியாரை மறந்துவிடாதீர்கள். பெரிய நாய் பெரியவர்களைக் கடிக்கவே தேவையில்லை. சந்தோஷத்தில் ஓடிவந்து இடுப்பில் ஒரு மோது மோதினால் போதும். எழுபது வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் அந்த வீட்டில் அடுத்த ஒரு வருடம் எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். கைத்தடி இன்னொரு சிக்கல். சரியாகப் பழக்காத நாய்க்கு, தூக்கிய தடி மிரட்டலாகத் தெரியும்.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டைப் போலவே அப்பா வெளியூர் வேலை. ஆண் ராட்வைலர், மூன்று வயது. குட்டியாக இருந்தபோது வீட்டுக்குள்ளேயே வளர்ந்தது. கொஞ்சம் பெரிதானதும் அம்மாவால் இழுத்துப்பிடிக்க முடியவில்லை. ஒருமுறை தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் அவர் முட்டியைச் சிராய்த்துவிட்டது. அதற்குப் பிறகு பின்வாசலில் சங்கிலியில் கட்டிவிட்டார்கள். சோறு வைப்பார்கள், தண்ணீர் வைப்பார்கள், அவ்வளவுதான். அப்பா வரும் நாளில் மட்டும் அவிழ்ப்பார். நாளில் இருபத்திரண்டு மணி நேரம் ஆறடிச் சங்கிலிக்குள் நின்று, போகிறவர் வருகிறவர் எல்லோரையும் பார்த்துக் குரைத்துக் குரைத்து, அந்த நாய்க்கு உலகம் முழுவதும் எதிரியாகிவிட்டது. ஒரு நாள் உறவுக்காரப் பையன் பந்து எடுக்கச் சங்கிலி எட்டும் வட்டத்துக்குள் போய்விட்டான். தொடையில் கடித்தது. பிள்ளை பிழைத்தான், ஆனால் இரண்டு அறுவை சிகிச்சை. நாயை என்ன செய்வது என்று கேட்டு அந்த அம்மா என் எதிரில் உட்கார்ந்து அழுதார். அந்த வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. நாயும் கெட்டது இல்லை. அது அந்த வீட்டுக்கு வந்திருக்கவே கூடாது. உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் எனக்கு அவர் முகம்தான் ஞாபகம் வந்தது.

சங்கிலி பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன்: எந்நேரமும் கட்டியே வைத்து, நடமாடவிடாமல் நாய் வளர்ப்பதை 1960ஆம் வருடத்து மிருகவதைத் தடுப்புச் சட்டமே கொடுமை என்று சொல்கிறது. ‘கட்டிப்போட்டால்தான் நாய்க்குக் கோபம் வரும், காவல் நன்றாக இருக்கும்’ என்று ஊரில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அப்படி வளர்வது பயந்துபோன நாய். அதற்குத் திருடனும் ஒன்றுதான், உங்கள் மகளின் தோழியும் ஒன்றுதான்.

சரி, மாமியார் சொல்வதற்கு வருகிறேன். அவர் சொல்வது வெறும் பழம்பெருமை இல்லை. ராஜபாளையம் அருமையான நாய். விருதுநகர் மாவட்டத்து மண்ணில் உருவான இனம், பாளையக்காரர் நாய் என்றும் பெயர் உண்டு. பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பழகியது. 2005இல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ஒன்று ராஜபாளையம். நம் வெயிலை அது தாங்கும். ராட்வைலரின் கறுப்பு உடம்பு பங்குனி சித்திரையில் படும் பாடு அதற்கு இல்லை. உடம்பும் எடை குறைந்து ஒல்லியாக இருக்கும், பராமரிப்பும் குறைவு.

ஆனாலும் மாமியாரிடம் ஒரு நாள் சாயங்காலம் உட்கார்ந்து கேளுங்கள்: அந்த நாயை யார் பார்த்துக்கொண்டார்கள்? அநேகமாக அவருடைய அப்பாவோ, பண்ணையில் இருந்த ஒருவரோ, ஒரே ஒரு ஆளின் பெயரைத்தான் சொல்வார். அந்த ஆள் விடிகாலையில் தோட்டத்துக்குப் போகும்போது நாயும் போயிருக்கும், பொழுது சாய்ந்து திரும்பும்போது கூடவே திரும்பியிருக்கும். வீட்டில் எந்நேரமும் பத்துப் பேர் இருந்திருப்பார்கள். ராஜபாளையத்துக்குத் தேவை அதுதான்: ஓட இடம், ஓட நேரம், ஒரு மனிதர். ஒருவருக்கு மட்டும் கட்டுப்பட்டு மற்றவரை ஒரு பொருட்டாகவே மதிக்காத ராஜபாளையங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் தாத்தா இறந்த பிறகு, அவர் வளர்த்த நாய் ஒன்பது நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த வீட்டில் மற்ற யாரும் அதன் கழுத்தில் கை வைக்க முடியவில்லை. வேட்டை நாய் என்பதால் ஓடுகிற எதையும் துரத்தும். உங்களிடமோ பக்கத்திலோ கோழி, ஆட்டுக்குட்டி, பூனை இருந்தால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இன்னொரு விஷயம். தூய வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு அதிகம், ராஜபாளையத்தில் இது தெரிந்த குறை. தோலுக்கும் ரோமத்துக்கும் நிறம் தருகிற அதே வகை அணுக்கள்தான் உள்காதிலும் இருந்து கேட்கும் நரம்பு முனைகளைக் காக்கின்றன. நிறம் இல்லாத இடத்தில் சில சமயம் அங்கேயும் அவை இருப்பதில்லை. குட்டி பிறந்த சில வாரங்களிலேயே காது போய்விடும். கூடப்பிறந்த குட்டிகளோடு இருக்கும்போது மற்றவை ஓடினால் இதுவும் ஓடும் என்பதால் விற்கிறவருக்கே சில நேரம் தெரியாது. தூங்குகிற செவிட்டு நாயை ஒரு குழந்தை தொட்டு எழுப்பினால், திடுக்கிட்டு எழுகிற வேகத்தில் கடித்துவிடும். எப்போதாவது ராஜபாளையம் வாங்கப் போனால் குட்டியைத் தனியாகப் பிரித்து, அது தூங்கும்போது பின்னாலிருந்து, காற்றும் அதிர்வும் படாத தூரத்தில் ஒரு தட்டைத் தட்டிப் பாருங்கள். இரண்டு காதும் கேட்கிறதா என்று சந்தேகமில்லாமல் அறிய மருத்துவமனையில் மூளை நரம்பின் மின்னலையைப் பதிவு செய்கிற சோதனை இருக்கிறது.

இனி, இந்தப் பேச்சு எதில் தொடங்கியதோ அதற்கு வருவோம்: திருடன். பக்கத்துத் தோப்பில் போனது மோட்டார் ஒயர். மோட்டார் ரூம் உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? தென்னந்தோப்பில் கிணறு வீட்டு வாசலில் இருப்பது அபூர்வம். வீட்டுக்குள் படுத்திருக்கும் ராட்வைலர் முந்நூறு மீட்டர் தள்ளி இருக்கும் ஒயரைக் காக்காது. ராத்திரியில் அவிழ்த்துவிட்டால் காக்குமே என்று வீட்டுக்காரர் சொல்வார். அவிழ்த்துவிட்ட காவல் நாய் வேலி தாண்டும். தண்ணீர் பாய்ச்ச ராத்திரி மூன்று முனை மின்சாரத்துக்காகக் காத்திருந்து வருகிற பக்கத்துத் தோப்புக்காரரைக் கடிக்கும். இல்லையென்றால் யாராவது வைத்த விஷத்தைத் தின்னும். விஷம் தின்ற நாய்களை விடிகாலையில் டூவீலரில் போட்டுக்கொண்டு வருகிறவர்களை நான் பார்க்காத வருடம் இல்லை.

தாமிர ஒயர் திருட வருகிறவன் சண்டை போட வருவதில்லை. சத்தமில்லாமல் வேலை முடிய வேண்டும் அவனுக்கு. அவனை நிறுத்துவது பல் இல்லை, சத்தமும் வெளிச்சமும்தான். மோட்டார் ரூமுக்கு நல்ல பூட்டு, ஒயரைத் தரைக்கடியில் குழாய்க்குள் கொண்டுபோவது, ஆள் நடமாட்டம் பட்டால் தானே எரிகிற சூரிய விளக்கு இரண்டு, வீட்டுக்காரர் கைபேசிக்குப் படம் அனுப்பும் ஒரு கேமரா. இதற்கெல்லாம் ஆகும் செலவு அந்த நாயின் ஒரு வருடத் தீனிச் செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும். நாற்பத்தைந்து கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,900 கலோரி வேண்டும்; கடைத் தீனியானால் தினமும் அரைக் கிலோ. இலவசக் குட்டி என்பதில் இலவசம் அன்றைக்கு மட்டும்தான்.

வீட்டைச் சுற்றிச் சத்தம் கொடுக்க எனக்குத் தெரிந்து நம் நாட்டு நாயைவிட நல்ல நாய் இல்லை. நீங்கள் சின்ன வயதில் அதோடு வளர்ந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கைக்கு அந்த நாய் தெரியும், அது உங்களுக்குப் பெரிய பலம். பதினைந்து இருபது கிலோ இருக்கும். தூக்கத்திலும் காது விழித்திருக்கும். ஆள் வந்தால் முதலில் குரைக்கும், தள்ளி நின்று குரைக்கும், நீங்கள் வந்து பார்க்கும்வரை குரைக்கும். உங்களால் ஒரு கையால் பிடித்து நிறுத்தவும் முடியும்.

நான் உங்களுக்குச் சொல்வது இதுதான். ஒன்றரை இரண்டு வயதான, கருத்தடை செய்த, குழந்தைகள் உள்ள வீட்டில் ஏற்கெனவே பழகிய ஒரு பெண் நாட்டு நாயைத் தேடுங்கள். குட்டி வேண்டாம். குட்டியை எடுக்கும்போது அது எப்படி வளரும் என்று ஊகிக்கத்தான் முடியும். வளர்ந்த நாயிடம் அதன் குணம் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது. கோவையிலும் பொள்ளாச்சியிலும் தெரு நாய்களை மீட்டுப் பராமரித்துத் தத்து கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். மகனையும் கூட்டிக்கொண்டு இரண்டு மூன்று முறை போய், அவன் ஓடும்போது, கத்தும்போது, தின்பண்டம் கீழே போடும்போது அந்த நாய் என்ன செய்கிறது என்று பாருங்கள். மாமியார் தடியோடு நடக்கும்போதும் பாருங்கள். விலகிப் போகிற நாய் நல்ல நாய். உடம்பு விறைத்து, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்க்கிற நாயை விட்டுவிடுங்கள். ஆறு மாதம் கழித்து, எல்லாம் ஒத்துப்போனால் இரண்டாவது ஒன்றைச் சேர்க்கலாம். தோப்பில் இரண்டு நாய் ஒன்றுக்கொன்று துணை.

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், வீட்டுக்காரருக்கு இது பயன்படும். 2024 மார்ச்சில் மத்திய அரசின் கால்நடைத் துறை ராட்வைலர் உட்பட 23 இனங்களுக்குத் தடை விதிக்கச் சொல்லி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. கருத்துக் கேட்காமல் அனுப்பியதாகச் சொல்லி, அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதே வருடம் மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின; நாயின் உரிமையாளர் கைதானார். உரிம விதிகள் ஊருக்கு ஊர் வேறுபடுகின்றன, மாறிக்கொண்டும் இருக்கின்றன. எந்த நாய் எடுப்பதானாலும் முதலில் உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். எந்த இனமானாலும், கவனக்குறைவால் உங்கள் நாய் ஒருவரைக் கடித்தால் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவில் ஆறு மாதம்வரை சிறையோ, 5,000 ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். வீட்டுக்காரர் ஊரில் இல்லாத நாளில் போலீஸ் வந்தால் வாசலில் நிற்கப் போவதும் நீங்கள்தான்.

அந்தக் குட்டிக்காகவும் ஒரு வார்த்தை. பத்து நாள் கழித்து எடுக்கச் சொல்கிறார் என்றால் அதற்கு 45 நாள் ஆகியிருக்கும். நீங்கள் எடுக்காவிட்டாலும் வேறு யாராவது எடுப்பார்கள், ஆகவே நண்பரிடம் சொல்லுங்கள்: எட்டு வாரம் முடியும்வரை தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம். நாய் வளர்ப்போருக்கான 2017ஆம் வருட விதிகளும் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்றுதான் சொல்கின்றன. எவ்வளவு அழுத்திக் கடித்தால் அடுத்தவருக்கு வலிக்கும் என்று ஒரு குட்டி கற்றுக்கொள்வது இந்த வாரங்களில், கூடப்பிறந்தவற்றோடு உருண்டு விளையாடும்போதுதான். கடைவாயால் நறுக்கென்று கடித்தால் மற்றது கத்திக்கொண்டு விளையாட்டை நிறுத்திவிடும், தாய் அதட்டும். இந்தப் பாடத்தை மனிதன் சொல்லிக்கொடுப்பது சிரமம். ராட்வைலர் குட்டிகளைப் பார்வோ என்ற குடல் வைரஸ் நோய் மற்றவற்றைவிடக் கடுமையாகத் தாக்கும் என்பதால் ஆறு வாரத்தில் தொடங்கும் தடுப்பூசியைத் தள்ளிப்போடக் கூடாது. ‘எலும்பு பலமாக வரும்’ என்று கால்சியம் டானிக் ஊற்ற வேண்டாம் என்றும் சொல்லுங்கள். பெரிய இனக் குட்டிகளின் உடம்புக்கு அதிகப்படி கால்சியத்தைத் தள்ளிவிடத் தெரியாது. கால் வளைந்து வருகிற குட்டிகளில் பலவற்றுக்கு வீட்டில் அந்த டானிக் பாட்டில்தான் காரணமாக இருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் வீட்டுக்காரர் மனசு பெரிய நாயிடமே இருந்தால், அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். குடும்பத்தைத் தனியாக விட்டுவிட்டு ராத்திரியில் ஏதோ ஒரு நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுகிற மனிதரின் பயம் அது. அந்தப் பயம் நியாயமானது. மகனுக்கு எட்டு வயது ஆகட்டும், அதுவரை தள்ளிப்போடச் சொல்லுங்கள். அப்போதும் ஆண் வேண்டாம், பெண் குட்டியாக இருக்கட்டும். தாயை நேரில் பார்த்து, அந்நியர் வந்தால் தாய் எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்துகொண்டு எடுங்கள். கேட்டுக்கு உள்ளே இன்னொரு கேட் வேண்டும், ஒன்று திறந்திருந்தாலும் நாய் வெளியே போகாதபடி. நிழலும் காற்றும் உள்ள, பத்துக்குப் பதினைந்து அடிக்குக் குறையாத ஓர் அடைப்பு வேண்டும். பயிற்சியாளர் வந்தால் அவர் நாயைப் பழக்கிக் காட்டிவிட்டுப் போவதில் பிரயோஜனம் இல்லை. அவர் உங்களைப் பழக்க வேண்டும், நாய் உங்கள் குரலுக்கு உட்கார வேண்டும். எந்த நாயானாலும், எவ்வளவு நம்பிக்கையானாலும், மகனையும் நாயையும் தனியாக விட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போகாதீர்கள். இதில் மட்டும் விதிவிலக்கே கிடையாது.

அதற்கு முன்னால், செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. நாளையிலிருந்து ஒரு மாதம், நாய் வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, காலை ஐந்தரைக்கு முக்கால் மணி நேரம், சாயங்காலம் ஆறு மணிக்கு முக்கால் மணி நேரம் தோப்பைச் சுற்றி நடந்துவிட்டு வாருங்கள். வீட்டுக்காரர் இருக்கும் நாளில் அவர் நடக்கட்டும். யார் நடந்தார்கள் என்று சமையலறை காலண்டரில் அந்தந்தத் தேதியில் எழுதுங்கள். நடக்க முடியாத நாளை வெறுமனே விடுங்கள், மழையோ, காய்ச்சலோ, பரீட்சையோ, காரணம் எதுவானாலும். முப்பதாம் நாள் அந்தத் தாளைக் கிழித்து இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். நாட்டு நாய் எடுக்க முடிவு செய்தால், எடுத்த வாரமே ரேபிஸ் தடுப்பூசிக்கும் குடற்புழு மருந்துக்கும் பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தக் காலண்டர் தாளையும் கையில் எடுத்துப் போங்கள், மருத்துவர் உங்களிடம் முதலில் கேட்கப் போவது அதில் இருக்கிறது.